பலெர்மோவில் எடுத்த கேசட்

நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் எங்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போன வசதி எது என்று கேட்டால், குழாயைத் திறந்ததும் வரும் வெந்நீரைச் சொல்ல மாட்டேன். யார் முன்னாலும், யாரைப் பற்றியும், அவர் காதுபடத் தமிழில் பேசலாம் என்பதைத்தான் சொல்வேன். பழைய கார் வாங்கப் போன இடத்தில் விற்கிறவர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என் கணவர் புன்னகை மாறாமல், "இவன் புளுகறான். நான் நோ சொல்றப்ப நீ மூஞ்சத் தூக்கி வெச்சுக்கோ" என்பார். நானும் நல்ல பிள்ளையாகத் தூக்கி வைத்துக்கொள்வேன். சூப்பர் மார்க்கெட் வரிசையில் முன்னால் நிற்கும் அம்மாளின் தள்ளுவண்டி, பூங்காவில் நாயோடு ஓடுகிறவரின் அரை டிராயர், லிஃப்டில் எங்களோடு ஏறியவரின் சென்ட் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன. ஊரில் இருந்தால் யோசித்துப் பேசியிருப்போம். அங்கே யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு பழக்கம் வீடியோ. எந்தக் குடும்பம் எங்கே போய்வந்தாலும் ஒரு சனிக்கிழமை பாட்லக் வைத்து, ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்தவர்களைக் கார்ப்பெட்டில் உட்கார வைத்து, போய்வந்ததைப் போட்டுக் காட்டியாக வேண்டும். நயாகராவை நான் நேரில் பார்த்தபோது, இதையா இத்தனை முறை பார்த்தோம் என்று அலுப்பாக இருந்தது. இதில் என் கணவர் கொஞ்சம் அதிகம். கேமராவைத் தூக்கினால் சும்மா எடுக்க மாட்டார், ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை சொல்கிறவர் மாதிரி பேசிக்கொண்டே எடுப்பார். "நியூ ஜெர்சி நேயர்களே, இப்ப நாம பாத்துட்டு இருக்கறது..." என்று ஆரம்பிப்பார். பக்கத்தில் நடக்கிற எனக்கு மானம் போகும். போனால் என்ன, சுற்றியிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியப்போவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையில் பலெர்மோவுக்குப் போனோம். எல்லாரும் ரோம், வெனிஸ் என்று போகும்போது எங்களுக்கு மட்டும் ஏன் சிசிலித் தீவின் அந்தத் துறைமுக நகரம் என்றால், என் கணவரின் மேனேஜர்தான் காரணம். அவருடைய தாத்தா அங்கிருந்து கப்பலேறி நியூ ஜெர்சிக்கு வந்தவராம். உலகத்தில் பார்க்க வேண்டிய கடற்கரை ஊர் அது ஒன்றுதான் என்று தினமும் மதியச் சாப்பாட்டின்போது ஓதியிருக்கிறார். ஓதின அதே வாயால், பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள், சந்தில் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்றும் பயமுறுத்தி அனுப்பினார்.

எங்களுக்குப் பாஸ்போர்ட் என்றால் வெறும் பாஸ்போர்ட் இல்லை. எச்-1 விசா முத்திரை அதில்தான் இருந்தது. அது தொலைந்தால் நியூ ஜெர்சிக்குத் திரும்ப முடியாது, அவர் வேலை, மகளின் பள்ளிக்கூடம், வாடகைக்கு எடுத்த வீடு எல்லாம் அந்தரத்தில் நிற்கும். அதனால் மூன்று பாஸ்போர்ட்டையும் ஒரு இடுப்புப் பையில் போட்டு என் வயிற்றில் கட்டிவிட்டார். சல்வார் கமீஸுக்கு மேலே அந்தப் பையோடு, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு நடந்த என்னை, பலெர்மோக்காரப் பெண்கள் தலைமுதல் கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் காய் வாங்கப் போவதற்கே காதில் தொங்கட்டானும் உதட்டுச் சாயமுமாகப் போகிற ரகம்.

ஊர் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் பழுப்பேறிய சுவர்களும், பால்கனிக்குப் பால்கனி காயும் துணிகளும். பெரிய தேவாலயத்தின் முகப்பில் ஒரு தூணில் அரபியில் குரான் வாசகம் செதுக்கியிருந்தது. எப்போதோ அந்த இடத்தில் மசூதி இருந்ததாம். அதைப் பார்த்ததும் என் கணவர் கால் மணி நேரம் வர்ணனை கொடுத்தார். மகளுக்குப் பசி வந்துவிட்டது. சைவம் எது என்று விசாரித்து விசாரித்து, கடைசியில் தெருவோரத்தில் கடலை மாவை வில்லையாக்கிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்து விற்பதைக் கண்டுபிடித்தோம். பஜ்ஜியில் வாழைக்காயை மறந்துவிட்ட மாதிரி இருந்தது. ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம்.

அப்புறம் ஒரு சதுக்கம். நடுவே பெரிய நீரூற்று, அதைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக ஒட்டுத்துணியில்லாத பளிங்குச் சிலைகள். அந்த ஊர்க்காரர்களே அதற்கு வெட்கச் சதுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வழிகாட்டிப் புத்தகம் சொன்னது. பாட்லக்குக்கு வருகிற ஆன்ட்டிகளை நினைத்து என் கணவர் கேமராவைச் சட்டென்று வானத்துக்குத் திருப்பி, "இது பலெர்மோவின் நீல வானம்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு மூடிலேயேதான் சந்தைக்குப் போகும் சந்துக்குள் நுழைந்தோம்.

சந்து குறுகல். கல் பாவிய தரை. காய்கறிக்காரர்கள் கூவுகிற சத்தம் எங்கோ முன்னால் கேட்டது. என் கணவர், "நியூ ஜெர்சி நேயர்களே, நாம இப்ப பலெர்மோவின் மார்க்கெட்டை நெருங்கிட்டிருக்கோம்" என்று சத்தமாகப் பேசிக்கொண்டே போனார். நான்தான் முதலில் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பைகளோடு ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார். ஒல்லி, நல்ல கறுப்பு, வெளுத்துப்போன சட்டை. நாங்கள் நின்றால் நின்றார், நடந்தால் நடந்தார். வயிற்றுப் பையை இறுக்கிக்கொண்டு என் கணவரிடம் கண்ணைக் காட்டினேன்.

அவர் திரும்பி, சந்துச் சுவர்களைப் படம் பிடிக்கிற சாக்கில் கேமராவைப் பின்பக்கம் நீட்டினார். நீட்டிக்கொண்டே, கார் விற்கிறவர் முன்னால் பேசுகிற அதே சாதாரணக் குரலில் சொன்னார்: "அந்தக் கறுப்பன் ரொம்ப நேரமா நம்மளயே பாத்துட்டு வர்றான். திருட்டு முழி. பையக் கெட்டியாப் புடிச்சுக்கோ."

"யாரு, உங்களைவிடவா கறுப்பு?" என்று கேட்டுவிட்டு நான் சிரித்தேன்.

அந்த ஆள் கிட்டே வந்துவிட்டார். ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்களுக்கு நாலடி தள்ளி நின்றார். கையிலிருந்த பைகளைத் தரையில் வைத்தார்.

"அண்ணை, நான் கள்ளன் இல்லை," என்றார். "நீங்கள் நியூ ஜெர்சி எண்டு கதைக்கிறது கேட்டது. அதுதான் பின்னால வந்தனான்."

"அம்மா, ஹி இஸ் டாக்கிங் டமில்!" என்று என் மகள் கையைத் தட்டினாள். ஏழு வயது. வீட்டுக்கு வெளியே, எங்கள் கூட்டத்துக்கு வெளியே, தமிழ் பேசுகிற ஒருவரை அவள் பார்த்ததில்லை. அவளுக்கு அது ஒரு அதிசயம். எனக்கோ அந்தச் சந்தின் கல்லைப் பெயர்த்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. என் கணவரின் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது, ஆனால் கேமராவை நிறுத்தத் தோன்றவில்லை. அது தரையைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தது.

"ஸாரிங்க... நாங்க... இங்க தமிழ் ஆளுங்க இருப்பாங்கன்னு..." என்றார் என் கணவர். மன்னிப்பு கேட்கிறதிலும் ஒரு லட்சணம் வேண்டாமா? தமிழ் தெரியாதவர் என்றால் திருடன் என்று சொல்லலாம் என்பது போல இருந்தது அது. அந்த ஆள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அந்த ஊரில் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த சனம் நிறையப் பேர் இருக்கிறார்கள், வீடுகளில் வேலை செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார்.

"என்ர தங்கச்சி ஜெர்சி சிட்டியிலதான் இருக்கிறா. கலியாணம் கட்டிப் போனவ. பாத்து ஒன்பது வருசம். எனக்கு இஞ்ச இருந்து போக ஏலாது, அவவுக்கு அங்க இருந்து வர ஏலாது. ரெண்டு பேருக்கும் இன்னும் பேப்பர் சரிவரேல்லை. ஃபோனில குரல் மட்டும்தான்." கேமராவைப் பார்த்தார். "அதில என்னை ரெண்டு நிமிசம் பிடிச்சு, அவவிட்டக் குடுக்க ஏலுமோ?"

"கண்டிப்பா! கண்டிப்பா! இதுல என்ன இருக்கு!" என்று என் கணவர் தேவைக்கு மேல் பதறினார். நானும் பலமாகத் தலையாட்டினேன். உடுப்பு மாற்றிக்கொண்டு வருகிறேன், வீடு பக்கத்தில்தான், கொஞ்சம் நில்லுங்கோ என்று சொல்லிவிட்டு அவர் பைகளை எடுத்துக்கொண்டு சந்துக்குள் திரும்பினார்.

நாங்கள் நின்றோம். வெயில் ஏறியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் மெதுவாக, "ஷுட் வி ஜஸ்ட் லீவ்?" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ரகசியம் பேச ஆங்கிலத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. இந்தத் தெருவில் எந்த ஜன்னலுக்குப் பின்னால் யார் நிற்கிறார்களோ என்று பயந்துவிட்டார் போல. ஆள் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்கிற யோசனை எனக்கும் ஓடியது, பொய் சொல்லக் கூடாது. ஒரு மனிதர் தங்கைக்காகச் சட்டை மாற்றப் போயிருக்கிறார், நான் வயிற்றுப் பையின் ஜிப்பைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. "சும்மா நில்லுங்க" என்று தமிழிலேயே அவரைக் கடிந்துகொண்டேன்.

அவர் திரும்பி வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. ஒரு தேவாலயத்தின் பக்கவாட்டுச் சுவர் வெள்ளையாக இருந்தது, அதன் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"காலைப் பிடிக்காதேங்கோ, அண்ணை. நெஞ்சுக்கு மேல போதும். போன வருசம் ஏணியில இருந்து விழுந்தது. அவவுக்குத் தெரியாது, தெரிஞ்சா அழுவா."

என் கணவர் கேமராவை உயர்த்தியதும் அவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்துக்கொண்டார். "தங்கச்சி, நான் சுகமா இருக்கிறன். நீயும் அத்தானும் பிள்ளையும் சுகமா இருக்கவேணும். ஒண்டுக்கும் கவலைப்படாத" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. ஆனால் இரண்டு நிமிடம் கேட்டிருந்தாரே, அதனால் அப்படியே லென்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் அசையாமல் நின்றோம். பின்னால் சந்தைக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் கேமராவை இறக்கிய பிறகுதான் அவர் தோளைத் தளர்த்தினார். தங்கையின் ஃபோன் நம்பரை எழுதிக் கொடுத்தார், எங்கள் நம்பரை வாங்கிக்கொண்டார். மகளின் கன்னத்தைத் தட்டினார். எங்கள் இருவரையும் முகம் பார்த்துப் பேசவில்லை என்பதை நான் கவனித்தேன்.

மீதிப் பலெர்மோவை வாயை மூடிக்கொண்டுதான் பார்த்தோம். அந்தப் பயணத்தில் அதற்கப்புறம் எடுத்த எதிலும் என் கணவரின் வர்ணனை இல்லை. வெறும் காற்றுச் சத்தம்தான்.

நியூ ஜெர்சிக்குத் திரும்பியதும் வழக்கம்போலப் பாட்லக். என் கணவர் இரண்டு வி.சி.ஆர்.களை வயரால் இணைத்துத் தேவையில்லாததை வெட்டி, பின்னணிப் பாட்டு போட்டு ஒரு மணி நேரக் கேசட் தயாரித்திருந்தார். வெட்கச் சதுக்கத்து நீல வானத்துக்கு எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்து அதில் இல்லை. "அங்க திருடனுங்க ஜாஸ்தியாமே, உங்களுக்கு ஏதாவது ஆச்சா?" என்று ஒரு அங்கிள் கேட்டார். "அப்படி ஒண்ணும் இல்ல அங்கிள்" என்று என் கணவர் அவசரமாகச் சொல்லிவிட்டு யாருக்கு இன்னும் தயிர் சாதம் வேண்டும் என்று கேட்கப் போய்விட்டார்.

தங்கைக்காகத் தனியாக ஒரு கேசட் போட்டார். வெள்ளைச் சுவரும் அந்த இரண்டு நிமிடமும் மட்டும். கேமராவில் இருந்த மூலக் கேசட்டை அழித்துத் தொலையுங்கள் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். "அழிக்கறேன், அழிக்கறேன்" என்பார். அது டிராயரிலேயே கிடந்தது.

அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாள். தபாலில் அனுப்புகிறோம் என்றுதான் ஃபோனில் சொன்னோம், தொலைந்துவிட்டால் என்ன செய்வது, நானே வருகிறேன் என்றுவிட்டாள். அவள் கணவர் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பெட்ரோல் பங்க் வேலைக்குப் போனார். சின்னப் பெண்தான், முப்பது வயதுகூட இருக்காது. பட்டுப்புடவை கட்டி, ஒரு டப்பாவில் பயத்தம் உருண்டை செய்து எடுத்து வந்திருந்தாள். கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். நான் வடை பாயசம் செய்திருந்தேன், செய்தது மனசாட்சிக்காக. எதையும் தொடாமல், "முதல்ல அண்ணாவைப் பாக்கிறன் அக்கா" என்றாள்.

என் கணவர் கேசட்டைப் போட்டார். வெள்ளைச் சுவர். அவர். "தங்கச்சி, நான் சுகமா இருக்கிறன்." அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து திரைக்குக் கிட்டே போனாள். அவர் பேசி முடித்துச் சும்மா நின்ற அந்த நேரம் முழுவதும், அவளும் சும்மா அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேருக்கு நேர் உட்கார்ந்திருப்பவர்கள் போலத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. நாம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்று ஒரு நிமிடம் நினைத்துக்கூட விட்டேன்.

"மெலிஞ்சு போனார்," என்றாள். பிறகு, "இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதாம்மா," என்றேன்.

"நடந்து வாறது ஒண்டும் இல்லையோ அக்கா? அண்ணா நடக்கிறது ஒரு மாதிரி, தோளை ஆட்டி ஆட்டி. எங்கட ஒழுங்கையில அவர் திரும்பினா, நான் வாசல்ல இருந்தே ஆர் எண்டு சொல்லிடுவன். அதைப் பாக்க ஆசையா இருந்தது."

"இல்லம்மா. நிக்கறது மட்டும்தான் எடுத்தோம்." வாய் கூசாமல் சொன்னேன். அவருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது, காலைக் காட்டக் கூடாது என்று உள்ளுக்குள் ஒரு நியாயம் தயாராக வைத்திருந்தேன். அவருடைய காலுக்குப் பின்னால் என் சிரிப்பை ஒளித்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தோம், மகளை மறந்துவிட்டோம். கார்ப்பெட்டில் படம் வரைந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி, "நோ அப்பா, தேர் இஸ் மோர்" என்றாள். "வென் ஹி வாஸ் வாக்கிங் பிஹைண்ட் அஸ். ரிமெம்பர்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் எழுந்து உள்ளே போனார். அழித்துவிட்டேன் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கேமராவோடும் அந்தக் கேசட்டோடும் வந்தார்.

கேமராவை டிவியோடு இணைக்க இரண்டு வயர். மஞ்சள் படத்துக்கு, வெள்ளை சத்தத்துக்கு. டிவி முன்னால் மண்டியிட்டு மஞ்சளைச் சொருகினார். வெள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம், வேண்டாம் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். ஒரு வயரைச் சொருகாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? கெட்டுப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவர் அதையும் சொருகினார். ஏன் என்று அவரிடம் பின்னால் சண்டை போட்டேன். "அவங்க அண்ணன் குரலும் அதுலதானே இருக்கு" என்றார்.

சந்து வந்தது. காயும் துணிகள் வந்தன. நியூ ஜெர்சி நேயர்களே வந்தது. படம் சுழன்று பின்பக்கம் திரும்பியதும் தூரத்தில் அவர், இரண்டு கையிலும் பைகளோடு, தோளை ஆட்டி ஆட்டி. "ஐயோ அண்ணா!" என்று அவள் சின்னப் பிள்ளை போலக் கையைத் தட்டினாள். அந்தத் தட்டலின் மேலேயே என் கணவரின் குரல் வந்தது. கறுப்பன். திருட்டு முழி. அதற்குப் பின்னால் என் குரல். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும், என் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடத் தெளிவாக விழுந்திருந்தது. எவ்வளவு சந்தோஷமான சிரிப்பு! என் ஹாலில், என் சோபாவில், என் பாயசத்துக்கு முன்னால் நான் அதைக் கேட்டேன். திரையில் அந்த அண்ணனும் கிட்டே வந்து நின்று, "அண்ணை, நான் கள்ளன் இல்லை" என்றார். படம் தரைக்கு இறங்கியது. கல், ஒரு ஜோடிச் செருப்பு, என் மகளின் ஷூ.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒருக்கா திருப்பிப் போடுங்கோ" என்றாள்.

என் கணவர் ரீவைண்ட் செய்தார். சந்து மறுபடியும் வந்தபோது அவள் எழுந்துபோய், டிவியில் இருந்த பொத்தானை அழுத்தி அழுத்திச் சத்தத்தை முழுவதும் குறைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் அவர் நடந்து வந்தார். மூன்றாவது முறையும் போடச் சொன்னாள்.

"இடது கால்," என்றாள்.

"ஏணிலேர்ந்து விழுந்துட்டாராம். உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னார்," என்றார் என் கணவர். "எங்கள மன்னிச்சிடும்மா."

அவள் எதற்கு என்று கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பாத்தனான் எண்டு அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. காலையும் பாக்கேல்லை. மற்றதையும்..." நிறுத்தினாள். "எனக்கு ஒண்டும் தெரியாது. அவர் கவலைப்படுவார்." சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு ஒரு வடையை எடுத்துச் சாப்பிட்டாள். நல்லாயிருக்கு அக்கா என்றாள். அந்த நடக்கிற துண்டையும் ஒரு கேசட்டில் போட்டுத் தரச் சொன்னாள், சத்தம் இல்லாமல். என் கணவர் மஞ்சள் வயரை மட்டும் சொருகி அதைப் போட்டுக் கொடுத்தார். வாசல்வரை போய் அவளை வழியனுப்பும்போது கையைப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று துடித்தேன். பயத்தம் உருண்டை டப்பாவைக் கழுவித் திருப்பித் தருகிறேன் என்றுதான் சொல்ல வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் ஃபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். பலெர்மோவிலிருந்து அவர்.

"அக்கா, கேசட் கிடைச்சதாம். தங்கச்சி சொன்னவ. நல்லா இருந்ததாம், நான் கொழுத்துப் போனனாம்!" சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கால் தெரியேல்லைதானே?"

"தெரியல," என்றேன்.

"மற்றது அக்கா... கேமரா அண்டைக்கு ஓடிக்கொண்டிருந்தது, நான் கண்டனான். அந்த முதல் துண்டு. அதை அவவுக்குக் காட்டேல்லைதானே?"

மன்னிப்புக் கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை என்று தெரிந்தது. கேட்டால் அவள் பார்த்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அண்ணன் மனசு நோகக் கூடாது என்று தங்கையும், தங்கை மனசு நோகக் கூடாது என்று அண்ணனும், ஆளுக்கொரு பக்கம் எங்கள் அசிங்கத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லங்க," என்றேன். "அத அப்பவே அழிச்சாச்சு."

"நல்லது அக்கா. பெரிய உதவி," என்றார் அவர். "நீங்கள் நல்ல சனம் எண்டுதான் அவவுக்குச் சொல்லி வைச்சனான்."